சைக்கிள் யாத்திரையும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

தரும காரியங்களுக்காகச் சைக்கிள் ஓட்டி நிதி திரட்டும் வழக்கம், மேல்நாடுகளிற் போலவே நம் நாட்டிலும் வேரூன்றி வருகிறது. சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே, விடுமுறை நாட்களின் அதிகாலை வேளையில் வாலிபர்களும் பெண்மணிகளும் அணி அணியாகச் சைக்கிளில் செல்லும் காட்சி, அச்சாலையை அடுத்த வானூர் தாலூகாவாசிகளுக்குப் பழக்கமான ஒன்று. அவர்களிற் பெரும்பாலோர் தேகாப்பியாசத்தின் பொருட்டுச் செல்பவர்கள். ஏதேனும் ஒரு தருமத்தின் பெயரால் செல்பவர்களும் உண்டு. அந்தத் தருமங்களுள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதும், அவ்வாறு திரட்டப்படும் பணத்தின் பயன் அச்சாலையோரத்துக் கிராமங்களுக்கே திரும்பி வர வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம். இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் காரியம் பாதியிலேயே நின்றுவிடும்.

நம் ஜனங்கள் தருமத்தில் எவருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். பசித்தவர்க்கு அன்னமிடுவதும், நோயுற்ற குழந்தையின் படத்தைப் பத்திரிகையிற் கண்டு மனமிரங்கிப் பணம் அனுப்புவதும் நமக்கு இயல்பு. ஆனால் 'ஆராய்ச்சி' என்று சொன்ன மாத்திரத்தில் கை தயங்குகிறது. காரணம் வெளிப்படை. அன்னதானத்தின் பலனைப் பந்தியிலேயே காணலாம். வைத்திய உதவியின் பலனை நோயாளியின் முகத்திலேயே காணலாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணமோ ஒரு சோதனைச்சாலையின் குளிர்பெட்டியிலோ, ஒரு குமாஸ்தாவின் பதிவேட்டிலோ, ஒரு தாதி வருஷக்கணக்காக வீடு வீடாகச் சென்று விசாரித்து எழுதிய குறிப்புகளிலோ மறைந்து கிடக்கிறது. அதன் பலன் கொடுத்தவர் காலத்தில் வரலாம்; வராமலும் போகலாம். 'இந்த மருந்து பயன்படாது' என்ற முடிவே பலனாகக் கிடைப்பதும் உண்டு. இத்தகைய காரியத்துக்குப் பணம் கேட்பது எளிதன்று. ஆயினும், ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் பணம் அவர் ஒருவரைக் காப்பாற்றுகிறது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் நாம் ஒருகாலும் பார்க்கப் போகாதவர்களையும் காப்பாற்றுகிறது. முன்னதைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. பின்னதை மறந்துவிட வேண்டாம் என்றே சொல்லுகிறோம்.

சைக்கிள் மூலம் ஆராய்ச்சிக்கு நிதி சேர்ப்பதில் உலகுக்கே வழிகாட்டியாயிருப்பது அமெரிக்காவிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யம். 1974ல் தம் தாயைத் தோற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர், 1980ல் 35 நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த ராஜ்யத்தைக் குறுக்கே சைக்கிளிற் கடந்தார். அந்த 36 பேரும் சேர்ந்து திரட்டிய தொகை 10,200 டாலர். அது வருஷந்தோறும் நடந்து வளர்ந்தது. 2024ஆம் வருஷ முடிவில், ஆரம்பம் முதல் அந்த யாத்திரையினால் சேர்ந்த மொத்தப் பணம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அப்பணம் பாஸ்டன் நகரிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் ஸ்தாபனத்துக்குச் செல்கிறது. சைக்கிள் ஓட்டுவோர் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகையைச் சேர்த்துத் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்கள். யாத்திரையின் செலவுகளை வேறு உபகாரிகள் ஏற்றுக்கொள்வதால், ஓட்டுவோர் சேர்த்த பணம் முழுவதும் ஸ்தாபனத்துக்கே போய்ச் சேர்கிறது. அதே 1980ஆம் வருஷத்தில், எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபாக்ஸ் என்ற கானடா தேசத்து இளைஞர், செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். நோய் மீண்டும் பற்றி 1981ல் 22ஆம் வயதில் அவர் மாண்டார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டம் இன்று பல தேசங்களில் நடைபெறுகிறது. சென்னையிலும் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் மேல்நாட்டார் விவகாரம் என்று ஒதுக்குவோர் ஒரு சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும். டேனா-ஃபார்பர் ஸ்தாபனத்தை நிறுவிய டாக்டர் ஸிட்னி ஃபார்பர், 1948ல் வெளியிட்ட ஆராய்ச்சியினால் உலகப் புகழ் பெற்றார். இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்ட 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்ததில், 10 குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது என்பதே அவர் கண்ட முடிவு. அதுவரை அந்நோய்க்கு மருந்தே இல்லை என்று வைத்தியர்கள் கைவிரித்திருந்தனர். அம்மருந்தை ஆக்கித் தந்த லெடர்லே சோதனைச்சாலையின் ஆராய்ச்சித் தலைவராயிருந்தவர் யார்? அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்! மகாத்மாவின் சொற்கேட்டுக் கதராடை உடுத்திக் கல்லூரிக்குச் சென்ற காரணத்தால் ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர் அவர். அந்த மருந்தின் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் உயிரைக் காத்து வருகிறது. பாஸ்டன் சாலைகளில் சைக்கிள் மிதித்துச் சேர்க்கும் பணத்தால் வளரும் கலையில் சென்னை மாணவர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. அறிவு நம்முடையதாக இருந்தும், அதற்குச் சோதனைச்சாலையும் பணமும் கொடுக்க வேறொரு தேசம் வேண்டியிருந்தது என்பதைத் தேசாபிமானிகள் மறக்கலாகாது.

நிற்க. நம்மவர் பணத்தாலேயே பெருங்காரியம் நடக்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே அத்தாட்சி உண்டு. புதுக்கோட்டையிற் பிறந்து சென்னையில் வைத்தியம் பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்தார். அந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்ற எண்ணம் அப்போது முளைத்தது. அதற்காக அவர் இடைவிடாது முயன்றார். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952ல் பண்டித நேரு அஸ்திவாரக்கல் நாட்ட, 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தங்கையின் மரணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே 31 வருஷங்கள் சென்றன! அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே செலவிட்டனர். 2021ல் காலமாகும் வரை டாக்டர் சாந்தா அந்த ஸ்தாபனத்தின் உயிர்நாடியாக விளங்கினார்.

இங்ஙனம் பொதுமக்களின் காசில் எழுந்த அந்த ஸ்தாபனம் வைத்தியத்தோடு நின்றுவிடவில்லை. 1982 முதல் சென்னை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேடு அங்கே நடந்து வருகிறது. 2012ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி மாநிலம் முழுவதற்கும் அத்தகைய பதிவு விஸ்தரிக்கப்பட்டது. பதிவேட்டில் என்ன ஆராய்ச்சி என்று சிலர் கேட்கலாம். எந்த நோய் எந்த ஊரில் எவ்வளவு பேருக்கு வந்தது என்று தெரியாமல் அதனோடு போர் தொடுப்பது, பகைவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று அறியாமல் அம்பு எய்வதற்கு ஒப்பாகும். சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து வருகிறது, மார்பகப் புற்றுநோய் அதிகரித்து முதலிடத்துக்கு வந்துவிட்டது என்ற உண்மையை நமக்கு உணர்த்தியது அந்தப் பதிவேடே.

சோதனைச்சாலைக்கு வெளியே, கிராமத்திலேயே நடந்த ஆராய்ச்சிக்குத் திண்டுக்கல் ஜில்லாவை உதாரணமாகச் சொல்லலாம். 2000ஆம் வருஷத்தில் அங்கே 114 கிராமத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய ஏற்பாடாயிற்று. மற்ற 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. பரிசோதனைக்கு விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் இல்லை. காடி என்று நாம் சொல்லும் வினிகரிலுள்ள அமிலத்தை நீர்த்துத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நிறம் வெளுக்கிறதா என்று பயிற்சி பெற்ற தாதி கண்ணாற் பார்ப்பதே முறை. அழைக்கப்பட்ட சுமார் 49,000 பேரில் 31,000க்கு மேற்பட்டோர் வந்து பரிசோதித்துக்கொண்டனர். 2007ல் 'லான்ஸெட்' என்னும் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நடந்த தொகுதிகளில் அந்நோய் உண்டாவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு பாட்டில் காடியும், ஒரு தாதியும், ஒழுங்கான பதிவேடும் கொண்டு மரணத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாம் என்பதை உலகத்துக்குக் கற்பித்தவர்கள் திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள்.

இதில் இரண்டு விஷயங்களை நாம் வற்புறுத்த விரும்புகிறோம். முதலாவது, இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் கேட்ஸ் தரும ஸ்தாபனம். அவர்களுக்கு நன்றி செலுத்துவோம். ஆயினும் நம் தாய்மார்களின் உயிரைக் காக்கும் அறிவைத் தேடுவதற்கு நம்மவரிடம் பணம் இல்லாமற் போயிற்றா? இரண்டாவது, ஒப்பீட்டுக்காகப் பரிசோதனையின்றி விடப்பட்ட தொகுதிகளின் பெண்களைக் குறித்துப் பிற்காலத்தில் வைத்திய உலகிலேயே கேள்விகள் எழுந்தன. அவை நியாயமான கேள்விகள் என்பதே நமது கருத்து. தங்கள் சரீரத்தை ஆராய்ச்சிக்கு ஒப்புவித்த கிராமங்களுக்கு ஆராய்ச்சி கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கும் வழி, கிடைத்த அறிவை எல்லாக் கிராமங்களுக்கும் கொண்டு சேர்ப்பதே.

சைக்கிள் ஓட்டித்தான் பணம் சேர்க்க வேண்டுமா, பேசாமல் ஒரு செக் எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்போர் உளர். 1930ல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ராஜாஜியும் தொண்டர்களும் நடந்து சென்றனர். அங்கே அவர்கள் அள்ளிய உப்பின் விலை என்ன? சில அணாக்கள் பெறுமோ பெறாதோ. எனினும் அவர்கள் நடந்து சென்ற ஊர்களிலெல்லாம் ஜனங்கள் விழித்தெழுந்தனர். நேர்த்திக்கடனாகக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் பக்தர் வழியில் நீரும் மோரும் பெறுவதும் இதே தத்துவத்தால்தான். ஒருவர் தம் சரீரத்தை வருத்திக்கொண்டு கேட்கும்போது கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டாகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஆராய்ச்சிக்குக் கண்ணுக்குப் புலப்படும் உழைப்பு ஒன்று ஜாமீனாக நிற்கிறது. தனவான் எழுதும் ஒரு செக்கைவிட, ஆயிரம் பேர் கொடுக்கும் நூறு நூறு ரூபாய் இவ்விஷயத்திற் சிறந்தது. ஏனெனில் அந்த ஆயிரம் குடும்பங்களிலும் அந்நோயைப் பற்றிய பேச்சு அச்சமின்றி எழும்.

சைக்கிள் நம் நாட்டில் சீமான்களின் விளையாட்டுக் கருவி மட்டுமன்று. 1990களின் ஆரம்பத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் புதுக்கோட்டைச் சீமையிலேயே, அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகி, தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் பிறர் தயவை எதிர்பாராமல் நிமிர்ந்து நின்றனர். தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளி மாணவ மாணவியருக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுத்து வந்ததால், கிராமத்து ஏழை வீட்டிலும் அது புதுப் பொருளாக இல்லை. ஆகையால் தருமச் சைக்கிள் யாத்திரையைப் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள வண்டிகளும் விசேஷ உடைகளும் உடையவர்களின் உல்லாசமாக ஆக்கிவிடக் கூடாது. வானூர்ப் பள்ளி மாணவி தன் இலவசச் சைக்கிளோடு ஐந்து மைலாவது கூடச் செல்ல இடமிருக்க வேண்டும்.

வைத்தியமும் ஆராய்ச்சியும் சர்க்காரின் கடமையன்றோ என்பது மற்றோர் ஆட்சேபம். கடமைதான், சந்தேகமில்லை. பொதுமக்கள் தருமத்தைக் காட்டிச் சர்க்கார் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள முற்பட்டால் அதை முதலிற் கண்டிப்பவர்கள் நாமாகவே இருப்போம். ஆனால் சர்க்காரின் பணம் சட்டசபையின் அனுமதிக்கும் இலாகாக்களின் விதிகளுக்கும் உட்பட்டு மெதுவாகவே நடக்கும். இன்னும் நிரூபணமாகாத ஒரு யோசனையைச் சிறிய அளவிற் சோதித்துப் பார்க்கப் பொதுமக்களின் நிதியே தக்கது. அது வெற்றி பெற்றால் சர்க்கார் அதை மாநிலம் முழுவதும் நடத்தும்படி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டாகும்.

கணக்கு விஷயத்தில் நாம் சிறிதும் தாட்சணியம் காட்டத் தயாரில்லை. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று பொதுமக்களிடம் வாங்கிய பணம் தருமச் சொத்து. அதைக் கையில் வைத்திருப்பவர் தர்மகர்த்தாவேயன்றி உடையவர் அல்லர் என்பது நீதியின் ஆதாரமான கொள்கை. யாத்திரை முடிந்த சில வாரங்களுக்குள், வந்தது எவ்வளவு, விளம்பரத்துக்கும் பனியனுக்கும் விருந்துக்கும் சென்றது எவ்வளவு, ஆராய்ச்சிக்குச் சென்றது எவ்வளவு என்பதைத் தணிக்கை செய்த கணக்காகப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். அடுத்த யாத்திரைக்கு முன்பு, சென்ற வருஷத்துப் பணத்தால் நடந்த ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்பதையும், தோல்வியானால் தோல்வி என்றே, தமிழில் எழுதி அறிவிக்க வேண்டும். தனி மனிதரின் கீர்த்தியை நம்பி ஒரு தருமத்தை நடத்துவது ஆபத்து என்பதையும் உலகம் கண்டிருக்கிறது. புற்றுநோயிலிருந்து பிழைத்துச் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை வாகை சூடியவர் என்று போற்றப்பட்ட லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள், ஊக்க மருந்து உட்கொண்ட குற்றத்துக்காக 2012ல் பறிக்கப்பட்டன. 2013ல் அவரே அதை ஒப்புக்கொண்டார். அவர் பெயரை நம்பிப் பணம் கொடுத்த எளியவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? ஒழுங்கான கணக்கு ஒன்றே தருமத்துக்கு நிலையான காவல்.

இனி வானூரைப் பற்றி. பழைய தென்னார்க்காட்டின் பகுதியான இந்தத் தாலூகாவில், திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களைக் காண அறிவியலார் வருகின்றனர். ஆரோவில்லைக் காண உலகத்தார் வருகின்றனர். ஆனால் இங்குள்ள ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு இடைவிடாத உதிரப்போக்கு கண்டால், அதை அவள் தன் கணவனிடம் சொல்லவே மாதங்கள் ஆகின்றன. அருகே புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியும் அதனுள் புற்றுநோய்ப் பகுதியும் இருக்கின்றன. முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தூரம் அதிகமில்லை. ஆயினும் பரிசோதனையில் சந்தேகம் என்று சொல்லப்பட்ட பெண்களில் சிலர் மேற்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடும் என்பதாலா? துணைக்கு வர ஆளில்லாததாலா? வெட்கத்தாலா? புற்று என்றால் மரணமே என்ற பயத்தாலா? இதைக் கண்டறிவதும் ஆராய்ச்சியே. இதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டாம். ஒரு பதிவேடும், இரண்டு தாதிகளும், அவர்கள் ஏறிச் செல்லச் சைக்கிளும் போதும்.

ஆகவே நாம் ஒரு யோசனை கூறுகிறோம். அடையாறு ஆஸ்பத்திரி வாயிலில் புறப்பட்டு, திண்டிவனம், கிளியனூர், வானூர் வழியாகக் கோரிமேட்டில் முடியும் ஒரு யாத்திரையை வருஷந்தோறும் தை மாதத்தில் நடத்தலாம். வழியில் தங்கும் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து பெண்களுக்குப் பரிசோதனை செய்யலாம். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாயில் வரும் புற்றைப் பற்றி ஆண்களுக்கும் எடுத்துரைக்கலாம். திரளும் பணத்தில் ஒரு பகுதியையேனும், பரிசோதனைக்குப்பின் பெண்கள் ஏன் வைத்தியத்துக்குச் செல்லவில்லை என்ற மேற்சொன்ன ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாம். அதிற் பங்குபெறும் ஒவ்வொரு பெண்ணின் சம்மதமும் முன்னதாகப் பெறப்பட வேண்டும். அவள் பெயரும் நோயும் ஊரில் பரவாதபடி காக்கப்பட வேண்டும். நோய் உண்டென்று கண்டால் வைத்தியத்துக்கு வழி செய்யாமல் அவளை விட்டுவிடக் கூடாது. கல் லாரிகள் ஓடும் சாலைகளில் சைக்கிள்காரர்களின் பாதுகாப்புக்குப் போலீஸார் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கருப்பைவாய்ப் புற்றுக்கு ஒரு வகைக் கிருமியே காரணம் என்று 1980களில் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ஸூர் ஹௌஸனுக்கு 2008ல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியின் பயனாக இன்று தடுப்பூசியும் உண்டாகியிருக்கிறது. ஆகவே இது தடுக்கக்கூடிய நோய். முன்னரே கண்டால் தீர்க்கக்கூடிய நோய். தடுக்கக்கூடிய நோயால் ஒரு தாய் மாள்வதை விதி என்று சொல்லி நாம் ஆறுதலடைவது தகாது. ஆராய்ச்சிக்குக் கொடுங்கள், கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள், அதன் பலன் வானூர் போன்ற தாலூகாக்களுக்கு வந்ததா என்று வருஷந்தோறும் விசாரியுங்கள். முத்துலட்சுமி ரெட்டி 31 வருஷங்கள் காத்திருந்தார். இன்று சாலையும் சைக்கிளும் ஆஸ்பத்திரியும் அறிவும் நம் கையில் இருக்க, இன்னொரு 31 வருஷம் காத்திருக்க நமக்கு யாதொரு நியாயமும் இல்லை.